பாதியில் நின்ற ஆட்டத்தை எப்படிப் பிரிப்பது? – போக்கர் போட்டிகளும் அதிர்ஷ்டத்தைப் பங்கு போட்ட கதையும்

லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் நடத்திய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970ல் 'வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர்' தொடங்கியது. முதல் வருஷம் இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி போட்டியெல்லாம் இல்லை. ஆடி முடித்ததும், வந்திருந்த ஆட்டக்காரர்களிடமே 'உங்களில் சிறந்தவர் யார்?' என்று ஓட்டெடுத்து ஜானி மாஸைச் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் விதியை மாற்றினார்கள். கையில் இருக்கும் சிப் தீர்ந்தால் எழுந்து போக வேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் சாம்பியன். அந்த வருஷமும் ஜானி மாஸ்தான் ஜெயித்தார். 1972 முதல் முதன்மைப் போட்டிக்கு நுழைவுப் பணம் 10,000 டாலர். இன்றைக்கும் அதே தொகைதான்.

1977 வரை அந்தப் போட்டியில் ஜெயித்தவருக்கே மொத்தப் பணமும். இரண்டாவதாக வந்தவருக்குப் பைசா கிடையாது. 1978ல்தான் முதன்முறையாகப் பரிசை முதல் 5 பேருக்குப் பிரித்தார்கள். அந்த வருஷம் 42 பேர் ஆடினார்கள், 4,20,000 டாலர் சேர்ந்தது. ஜெயித்த பாபி பால்ட்வினுக்கு அதில் சரிபாதி, 2,10,000.

பார்ப்பதற்கு இது சின்ன நிர்வாக முடிவு மாதிரிதான் தெரியும். ஆனால் நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றைப் படித்துவிட்டு இங்கே வந்தால், 'அடடே, இது பழைய கதையாச்சே' என்று தோன்றும். அதிர்ஷ்டத்தைச் சமாளிக்க மனுஷன் இதுவரை கண்டுபிடித்த உருப்படியான வழி ஒன்றே ஒன்றுதான்: அதைப் பங்கு போடுவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போக்கர் ஆடுகிறவன் இல்லை. கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

போட்டி ஏன் இவ்வளவு கொடூரம்?

போக்கரைக் காசு வைத்து மேசையில் ஆடுவது ஒரு வகை. அங்கே சிப் என்றால் பணம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து, இருப்பதைக் காசாக்கிக்கொண்டு போகலாம். போட்டியில் அது முடியாது. சிப்பை மாற்ற முடியாது. கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் மொத்தத்தையும் நடுவில் தள்ளித்தான் ஆக வேண்டும்.

அப்படித் தள்ளும்போது உங்கள் கையில் ஆட்டத்திலேயே சிறந்த ஜோடி, அதாவது இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜெயிக்க வாய்ப்பு 100க்கு சுமார் 82. அருமையான நிலைமைதான். ஆனால் ஒரே போட்டியில் இதே நிலைமை நான்கு முறை வந்தால், நான்கிலும் தப்பிப் பிழைக்க வாய்ப்பு 0.82ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: 45 சதவீதம். பாதிக்கும் கீழே! நான்கு முறையும் சரியாக ஆடியிருக்கிறீர்கள். ஆனாலும் வெளியே போவதற்கான வாய்ப்புதான் அதிகம்.

இன்னும் எளிமையாக ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். 1,024 பேர் ஆடும் போட்டி. ஒவ்வொரு சுற்றிலும் இருவர் மோதி ஒருவர் வெளியே போகிறார். 10 சுற்று ஜெயித்தால் முதல் பரிசு. சராசரி ஆளுக்கு ஒவ்வொரு சுற்றும் பூவா தலையா. நம்ம கதாநாயகன் கெட்டிக்காரன், ஒவ்வொரு சுற்றிலும் அவனுக்கு 55 சதவீதம். 0.55ஐ 10 முறை பெருக்கினால் 0.00253. சராசரி ஆளைவிட இது 2.6 மடங்கு. பெரிய திறமைதான். ஆனால் இதன் அர்த்தம் என்ன? சுமார் 395 போட்டிக்கு ஒரு வெற்றி. வருஷத்துக்கு 100 போட்டி ஆடினால், அந்த வருஷம் முழுக்க ஒரு வெற்றிகூட வராமல் போக வாய்ப்பு 78 சதவீதம். 10 வருஷம், 1,000 போட்டி ஆடிய பிறகும் ஒன்றுகூட ஜெயிக்காமல் போக 8 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் 100 பேர் இருந்தால், அதில் 8 பேர் 10 வருஷம் ஆடியும் 'எனக்கு ராசியில்லை' என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

நிஜப் போட்டியில் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கும் பரிசு உண்டு, அதனால் இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் போக்கின் அடிப்படை இதுதான். பள்ளிக்கூடத்தில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று படித்தோமே, அந்தச் சமாச்சாரம் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு காலத்தில் ஆன்லைனில் இந்த மாதிரி போட்டிகள் ஆடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எக்செலில் எழுதி வைத்திருந்தார், ஏறக்குறைய 150 போட்டி. முதலிடம் ஒன்றுமில்லை. "எனக்கு நேரம் சரியில்லையா, இல்ல ஆடத்தான் தெரியலையா? நீதான் கணக்கு போடுவியே, பாத்துச் சொல்லு" என்றார். மேலே சொன்ன மாதிரியை வைத்தே போட்டுக் காட்டினேன். 150 போட்டியில் ஒன்றுகூட ஜெயிக்காமல் இருக்க, கெட்டிக்காரனுக்கு வாய்ப்பு 68 சதவீதம். சராசரி ஆளுக்கு 86. இந்த இரண்டில் அவர் யார் என்று அந்த எக்செலை வைத்துச் சொல்லவே முடியாது. "அப்ப எத்தனை ஆடினாத் தெரியும்?" என்று கேட்டார். "சில ஆயிரம்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் நுழைவுப் பணம் உண்டே என்று அவருக்கே உறைத்தது. கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். அதற்குள் கிரெடிட் கார்டில் கணிசமான பாக்கி சேர்ந்திருந்தது.

1494 முதல் 1654 வரை

சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

இருவர் பணம் கட்டி ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்று ஜெயிப்பவருக்கு மொத்தமும். ஒருவர் 2, மற்றவர் 1 என்று இருக்கும்போது ஏதோ காரணத்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

இத்தாலியில் லூகா பசியோலி (கணக்குப் பதிவியலில் இரட்டைப் பதிவு முறையை அச்சில் கொண்டுவந்தவர் என்று வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்) 1494ல் வெளியிட்ட தன் பெரிய கணக்குப் புத்தகத்தில் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொன்னார். இதுவரை ஜெயித்த விகிதத்தில் பிரி. 2க்கு 1. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 1556ல் டார்டாலியா என்ற கணித அறிஞர் இதில் இருந்த ஓட்டையைக் காட்டினார். ஒரே ஒரு சுற்று முடிந்து ஆட்டம் நின்றுவிட்டால்? 1க்கு 0. அந்த ஒரு சுற்றை ஜெயித்தவருக்கே மொத்தப் பணமும் போய்விடுமே! அபத்தம். ஆனால் சரியான விடை டார்டாலியாவுக்கும் கிடைக்கவில்லை.

விடை 1654ல் பிரான்சில் வந்தது. ஷெவாலியே தெ மெரே என்பவர் கிளப்பிய கேள்வியை வைத்துக்கொண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாஸ்கல் ஜூலை 29 அன்று எழுதிய கடிதத்தில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஆளுக்கு 32 பொற்காசு, மொத்தம் 64. நிலவரம் 2க்கு 1. முன்னால் இருப்பவர் எப்படி வாதாடலாம் என்று பாருங்கள்: "அடுத்த சுற்றை நான் ஜெயித்தால் எனக்கு 64. தோற்றால் 2க்கு 2, அப்போது ஆளுக்குப் பாதி, எனக்கு 32. ஆக, எது நடந்தாலும் 32 எனக்கு நிச்சயம். மிச்சம் 32 இருக்கிறதே, அது உனக்கா எனக்கா என்பது சரிக்குச் சரி. அதில் பாதியைக் கொடு." 32உம் 16உம் சேர்த்து 48. மற்றவருக்கு 16.

பசியோலி பின்னால் திரும்பிப் பார்த்தார்: இதுவரை என்ன நடந்தது? பாஸ்கலும் ஃபெர்மாவும் முன்னால் பார்த்தார்கள்: இனிமேல் என்னென்ன நடக்கலாம்? நிகழ்தகவுக் கணிதம் இங்கேதான் பிறந்தது என்று சொல்வது வழக்கம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டிச் சொல்வது எப்படி என்று அவர்கள் கேட்கவே இல்லை. சண்டை போடாமல் பிரித்துக்கொள்வது எப்படி என்பதுதான் கேள்வி.

அதே கேள்வி, மறுபடியும்

இன்றைய போக்கர் போட்டிகளில் கடைசி மேசையில் இரண்டு மூன்று பேர் மிஞ்சும்போது, பல இடங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்துவார்கள். முதல் பரிசுக்கும் மூன்றாம் பரிசுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். அடுத்த பத்து நிமிஷத்தில் வரப்போகும் நாலு சீட்டு அதைத் தீர்மானிக்கும். அதற்குப் பதில் 'இப்பவே பேசிப் பிரிச்சுக்கலாமா?' என்பதுதான் பேச்சு. பாஸ்கலுக்கு வந்த கேள்வியேதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பரிசுகள் 50, 30, 20 லட்சம். மொத்தம் 1 கோடி. மூவரிடம் இருக்கும் சிப்பும் 50, 30, 20 சதவீதம். சிப் விகிதத்திலேயே பிரித்தால் முதல் ஆளுக்கு 50 லட்சம். அதாவது, ஜெயித்தால் கிடைக்கும் மொத்த முதல் பரிசும், ஜெயிக்காமலேயே! இது பசியோலி செய்த அதே தப்பு. 500 வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

முன்னால் பார்த்துக் கணக்குப் போடும் முறை ஒன்று உண்டு. 1973ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கான வாய்ப்பைக் கணக்கிட ஒரு வழி சொன்னார். அதே கணக்கைப் போக்கர் சிப்புகளுக்கு மேசன் மால்முத் பயன்படுத்தினார். அவருடைய புத்தகம் 1987ல் வந்தது. முறை இதுதான்: முதலிடம் வர வாய்ப்பு, கையிலுள்ள சிப்பின் பங்கு. முதலில் வந்தவரை நீக்கிவிட்டு, மிச்சம் உள்ளவர்களுக்குள் அதே விகிதத்தில் இரண்டாமிடம். இப்படியே போக வேண்டியது.

நம் எடுத்துக்காட்டுக்கு இதைப் போட்டால் 38.39, 32.75, 28.86 லட்சம் என்று வருகிறது. பாதி சிப் வைத்திருப்பவருக்குப் பாதிப் பணம் கிடையாது! ஏனென்றால் அவர் எல்லோரையும் வீழ்த்தினாலும் 50 லட்சத்துக்கு மேல் போக முடியாது. கடைசி ஆளோ, ஒன்றும் செய்யாமலே 20 லட்சத்தைக் கையில் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் வாய்க்கணக்காக ஒன்று செய்யலாம். உறுதியான 20 லட்சத்தை ஆளுக்குக் கொடுத்துவிட்டு மீதி 40 லட்சத்தை மட்டும் சிப் விகிதத்தில் பிரித்தால் 40, 32, 28. கிட்டத்தட்ட அதே விடை.

இதிலிருந்து ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் இன்னொன்று: போட்டியில் இழக்கும் சிப்பின் மதிப்பு, ஜெயிக்கும் அதே அளவு சிப்பின் மதிப்பைவிட அதிகம். அதனால் சரிக்குச் சரி வாய்ப்பு இருக்கும் மோதலைத் தவிர்ப்பதும் ஒரு திறமை.

இரண்டு கப்பல்கள்

டேனியல் பெர்னோலி 1738ல் எழுதிய கட்டுரையில் ஒரு வியாபாரி வருகிறார். ஊரில் 4,000 காசு பெறுமான சொத்து. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு 8,000 காசு. பத்துக் கப்பலில் ஒன்று மூழ்கும் என்ற நிலைமை. எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால் அந்தச் சரக்கு அவருக்கு 6,751 காசுக்குச் சமம். இரண்டு கப்பலில் பாதிப் பாதியாக ஏற்றினால் 7,033. சரக்கும் அதே, கடலும் அதே, மூழ்கும் வாய்ப்பும் அதே. பிரித்து ஏற்றியதாலேயே 282 காசு கூடிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இழப்பது எவ்வளவு பெரிய அடி என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்ததுதான் பெர்னோலியின் சாதனை.

தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்கள் இதையே வேறு பெயர்களில் செய்கிறார்கள். தன் வெற்றியில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்பது, சக ஆட்டக்காரரோடு சில சதவீதம் பங்கு மாற்றிக்கொள்வது, கையிருப்பில் சின்னத் துண்டை மட்டும் ஒரு போட்டிக்குச் செலவழிப்பது. 2003ல் 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்து உலகத்தையே போக்கர் பக்கம் திருப்பிய கிறிஸ் மணிமேக்கர், டென்னிசியைச் சேர்ந்த கணக்காளர். ஆன்லைன் தகுதிப் போட்டி மூலம் உள்ளே வந்தவர். அவரும் தன் பங்கில் ஒரு பகுதியை அப்பாவுக்கும் ஒரு நண்பருக்கும் விற்றுவிட்டுத்தான் வேகாஸ் போனார்.

மேலே பார்த்த கெட்டிக்காரனுக்கே திரும்புவோம். அவனைப் போல 10 பேர், வேறு வேறு போட்டிகளில் ஆடுகிறார்கள், வருவதைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு மொத்தம் 1,000 போட்டி. ஒரு வெற்றிகூட வராமல் போக வாய்ப்பு 78லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. தனி ஆள் 10 வருஷம் காத்திருந்து பெறும் நிம்மதியை 10 பேர் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் பெறலாம். ஆபீஸில் ஆளுக்குப் பணம் போட்டுக் கூட்டாகக் கேரளா லாட்டரி வாங்குவதும் இதே ஏற்பாடுதான். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பங்கு போடுவது ஏற்ற இறக்கத்தைத்தான் குறைக்கும். நஷ்டக் கணக்கை லாபக் கணக்காக மாற்றாது. லாட்டரியில் கூட்டுச் சேர்ந்தால் எல்லோரும் சேர்ந்து நிதானமாக நஷ்டப்படலாம், அவ்வளவுதான்.

உங்கரும் பாக்ஸ்டரும்

இந்தக் கதையில் இரண்டு மனிதர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டூ உங்கர் 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் முதன்மைப் போட்டியை ஜெயித்தவர். சீட்டாட்டத்தில் அவருக்கு இணையான மூளை இல்லை என்று கூட ஆடியவர்களே சொன்னார்கள். ஆனால் போக்கரில் வந்த பணம் குதிரையிலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதையிலும் போனது. 1997ல் நுழைவுப் பணம் 10,000 டாலர் கட்ட அவரிடம் காசில்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர் கட்டினார். உங்கர் மூன்றாவது முறையாகச் சாம்பியன் ஆனார். பரிசு 10 லட்சம் டாலர், இருவருக்கும் பாதிப் பாதி. மறுவருஷமும் பாக்ஸ்டர் பணம் கட்டத் தயாராக இருந்தார், உங்கர் ஆட வரவில்லை. 1998 நவம்பர் 22 அன்று வேகாஸில் ஒரு சாதாரண விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. ஈமச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினார்கள்.

பாக்ஸ்டர் வேறு விஷயத்துக்காகவும் வரலாற்றில் இருக்கிறார். போக்கரில் சம்பாதித்தது உழைத்துச் சம்பாதித்த வருமானமா, சும்மா வந்த பணமா என்று அமெரிக்க அரசோடு வரி வழக்கு நடத்தினார். 1986ல் நெவாடாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது அவருடைய திறமையால் வந்த வருமானம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்தத் 'திறமையா, அதிர்ஷ்டமா' கேள்வி நமக்கும் புதிதல்ல. ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொன்னது. குதிரைப் பந்தயத்துக்கு 1996ல் அதையே சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆன்லைன் ஆட்டத்தில் கடன்பட்டவர்களின் தற்கொலைகள் செய்தியாகிக்கொண்டிருந்த சூழலில் தமிழ்நாடு அரசு 2022ல் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைக்க முடியாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது என்று அந்தக் கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது.

போக்கர் திறமை ஆட்டமா? ஆமாம், சந்தேகமே வேண்டாம். டான் ஹாரிங்டன் 1995ல் சாம்பியன். 2003ல் 839 பேரில் மூன்றாவது, 2004ல் 2,576 பேரில் நாலாவது. இதைக் குருட்டு யோகம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் 'திறமை ஆட்டம்' என்ற சொல்லை விளம்பரத்தில் பார்க்கும் சம்பளக்காரர், 'அப்போ நான் திறமையா ஆடினால் இந்த மாசமே தெரியும்' என்று புரிந்துகொள்கிறார். அங்கேதான் ஆபத்து. திறமை இருப்பது நிஜம். அது வெளியே தெரிய ஆயிரக்கணக்கான போட்டிகள் ஆக வேண்டும் என்பதும் அதே அளவு நிஜம். அதுவரை தாங்க அவரிடம் கையிருப்பும் இல்லை, பங்கு போட ஆளும் இல்லை. இதில் இன்னொரு விபரீதம், ஆடத் தெரியாதவனுக்கும் இடையில் ஒரு பெரிய பரிசு விழலாம். அவன் அதையும் திறமை என்றே எடுத்துக்கொள்வான்.

உங்கர், பாக்ஸ்டர் இருவருக்கும் 1997ல் ஒரே போட்டியிலிருந்து ஒரே அளவு பணம் வந்தது. திறமையில் உங்கர் பல படி மேலே. பாக்ஸ்டருக்கு அது பல முதலீடுகளில் ஒன்று. தோற்றிருந்தாலும் மறுநாள் வேறொரு மேசையில் உட்கார்ந்திருப்பார். உங்கருக்கு ஒவ்வொரு பந்தயமும் ஒரே கப்பல், மொத்தச் சரக்கும் அதிலேயே. 1738ல் பெர்னோலி அந்த வியாபாரிக்கு என்ன சொன்னாரோ, அதை உங்கரிடம் சொல்ல ஆளில்லாமல் இல்லை. பணம் கட்டிப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். கேட்கத்தான் அவரால் முடியவில்லை.